அண்ணத்தில் ஒரு பட்டாணி

அத்தியாயம் பதினேழு

போன அத்தியாயத்தில், சாப்பாட்டு மேசையில் அட்டவணையும் அலமாரியும் மோதிக்கொண்டன. அம்மா கரண்டியால் மேசையைத் தட்டி, "யாரும் பேச வேண்டாம். நாளைக்கு நேர்ல போய்ப் பாத்துட்டு, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள ஏதாவது ஒரு காலேஜை அமுக்குங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்த நாளையும் விடிந்தது. விடியாமலே இருந்திருக்கலாம்.

அட்டவணை, அம்மாவின் தம்பியுடையது. புள்ளிவிவர அலுவலகத்தில் கோடு போட்டுப் போட்டே தலைமுடியைத் தொலைத்த மனிதர். மூன்று பல் மருத்துவக் கல்லூரிகள், இருபத்தேழு கட்டங்கள். ஒரு குளியலறைக்கு எத்தனை மாணவிகள், மெஸ்ஸில் உப்பு கூடுமா குறையுமா, நூலகத்தில் ஓடுகிற மின்விசிறிகள் எத்தனை, ஹாஸ்டல் வார்டனின் குரல் எத்தனை மாடிக்குக் கேட்கும், எல்லாம் அதில் இருந்தது. விரித்தால் கூடத்தில் ஆரம்பித்து அடுப்படி வழியாகப் பின்கட்டுக்குப் போய் வெயில் காயும்.

அலமாரி, அப்பாவுடையது. அவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய் அச்சுகள் வீட்டின் முன்னறையில்தான் வந்து இறங்கும். அவற்றின் மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, செட்டாக்கி அனுப்புவார். இருபத்தெட்டு வருடம் பிளாஸ்டர் மாவில் புரண்டதால் தெருவில் அவருக்கு மாவுக்காரர் என்றே பெயர். காக்கை கூட அவரைத் தூரத்தில் பார்த்தால் கொக்கு என்று நினைத்து ஒதுங்கும்.

"ஒரு காலேஜோட லட்சணம் கட்டடத்துல இல்ல மாப்ள. அங்க படிக்கிற பசங்க எடுக்கிற அச்சுல இருக்கு" என்பது அவர் கட்சி. அலமாரியில் கல்லூரிக்கு ஒன்றாக மூன்று தட்டுகள். பழைய கல்லூரியின் அச்சுகள் சுமார். கண்ணாடிக் கல்லூரியின் அச்சுகளில் அவ்வளவு குமிழிகள், சோப்பு நுரையில் எடுத்தார்களோ என்று சந்தேகம் வரும். ஆனால் தோப்புக் கல்லூரியிலிருந்து பச்சை மையில் எண் போட்டு வருகிற அச்சுகள் இருக்கிறதே! ஈறின் ஒவ்வொரு மடிப்பும் அப்படியே விழுந்திருக்கும். ஆறு வருடத்தில் நாற்பது அச்சு வந்தது. நாற்பதும் ஒரே சுத்தம். அவற்றைக் கையில் எடுக்கும்போது மாவுக்காரர் செருப்பைக் கழற்றிவிடுவார்.

அந்த நாற்பதிலும் ஓர் அதிசயம் உண்டு. மேலண்ணத்தின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு.

"தண்ணி" என்று இதற்கும் காரணம் வைத்திருந்தார் மாவுக்காரர். "அந்தப் பக்கத்துத் தண்ணி அப்படி. குடிக்கிறவங்க எல்லாருக்கும் அண்ணத்துல பட்டாணி முளைச்சிடும்." நான்கு டாக்டர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். நான்கு பேரும் அவசர வேலை இருப்பதாகப் போனை வைத்துவிட்டார்கள்.

ஆக, காலை எட்டு மணிக்கு அப்பாவும் மகளும் தோப்புக் கல்லூரிக்குப் பஸ் ஏறினார்கள். அப்பாவின் தோளில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்.

"எதுக்குப்பா இதைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"அங்க ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. சேர்ந்தப்புறம் வடிகட்டி வாங்கித் தரேன்."

மகளுக்கு வாலு என்று பெயர். ஐந்து வயதில் வைத்தது. அப்போது அது பொருத்தம். முதல் வருடம் நுழைவுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் தவறி, அடுத்த வருடம் அறையைப் பூட்டிக்கொண்டு படித்து, தரவரிசையில் ஓர் ஓரமாக இடம் பிடிப்பதற்குள் அந்த வால் இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவது முறை கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். வாலு சிரித்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் வேறு யாரும் கணக்கு வைக்கவில்லை, மாவுக்காரர் வைத்திருந்தார். பல் தெரிகிறதா என்று பார்ப்பதுதானே அவர் தொழில்.

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. மாமா வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பழைய காலேஜ் போச்சு."

"போச்சுன்னா?"

"கடைசி சீட்டு இப்பதான். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணுங்கிறது பூஜ்யமாச்சு. எனக்கு நெஞ்சை அடைச்சிடுச்சு."

வாலு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நான் அதைத்தான்பா முதல்ல போடலாம்னு சொன்னேன்."

"அதோட அச்சு சுமார்தாண்டா கண்ணு. தோப்பைப் பாரு, அப்புறம் சொல்லு."

பஸ்ஸின் எல்லா ஜன்னல்களும் அவளுக்குப் பதிலாகக் கடகடவென்று பேசின.

*

தோப்புக் கல்லூரியில் தோப்பு இல்லை. ஒரே ஒரு மரம், அதுவும் இலையை ராஜினாமா செய்திருந்தது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் சிரிக்கிற பெண்ணின் முன்பல் இரண்டை வெயில் உரித்துவிட்டிருந்தது.

அலுவலகத்தில் சொன்னதும், சுற்றிக் காட்ட ஓர் இறுதியாண்டு மாணவியை அனுப்பினார்கள். கண்ணைச் சுற்றி அவ்வளவு கருவளையம், மை டப்பாவில் முகம் கழுவினாளோ என்று தோன்றும்.

"ஹாஸ்டல் எப்படிம்மா?" என்று மாவுக்காரர் ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கும் அங்கிள். ரூமுக்கு மூணு பேர். தண்ணி காலையில ஒரு மணி நேரம் வரும்."

"அதைக் குடிப்பீங்களா?"

"குடிக்காம?"

மாவுக்காரர் அவள் வாயைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"லைஃப் எப்படி இருக்கும் அக்கா இங்க?" என்று வாலு கேட்டாள். அவளுக்கு வேண்டியது அதுதான். ஐந்து வருடம். ஒரு வருடம் பூட்டிக் கிடந்தவளுக்கு ஐந்து வருடம் என்பது ஒரு நாடு மாதிரி.

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். "முதல் ரெண்டு வருஷம் ஜாலி. மெழுகுல பல்லு செதுக்குவோம், கேன்டீன்ல உக்காந்திருப்போம், பிறந்தநாள்னா மாடியில கேக் வெட்டுவோம். மூணாவது வருஷம் கிளினிக். அதுக்கப்புறம் யாருக்கும் பிறந்தநாள் ஞாபகம் இருக்காது."

"ஏன்? வேலை ஜாஸ்தியா?"

"வேலை இருந்தா பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பெரிய கதவைத் தள்ளினாள்.

உள்ளே எண்பது பல் நாற்காலிகள். வரிசை வரிசையாக, பச்சை உறை போட்டு, எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு. எழுபத்தொன்பதில் யாரும் இல்லை. வெள்ளைக் கோட்டு மாணவர்கள் சுவரோரமாகப் போனைத் தடவிக்கொண்டு நின்றார்கள். ஒரு நாற்காலியில் மட்டும் ஓர் ஆள். அவரைச் சுற்றி ஏழு பேர். தலைகள் மோதுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"பேஷண்டெல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்களா?" என்றார் மாவுக்காரர்.

"அவர்தான் அங்கிள் பேஷண்ட்."

"மத்தவங்க?"

"ஒவ்வொருத்தரும் முழுப் பல்செட் ஒண்ணாவது செஞ்சு காட்டினாத்தான் பரீட்சைக்கு உக்கார விடுவாங்க. அதுக்குப் பல்லே இல்லாத வாய் வேணும். இங்க சுத்துவட்டாரத்துல ஊரே கிடையாது. மழைக்குக் கூட யாரும் ஒதுங்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, யாராவது கொட்டாவி விடறாங்களான்னு காத்துக் கிடப்போம். எங்க கிளாஸ்ல ஒருத்தன் சொந்தச் சித்தப்பாவையே கூட்டிட்டு வந்தான். வரும்போது அவருக்கு ஒன்பது பல்லு இருந்துச்சு."

"போகும்போது?"

"பையன் பாஸாயிட்டான்."

வாலுவின் முகத்தைப் பார்க்க மாவுக்காரருக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அவர் நாற்காலியை நோக்கி நடந்தார்.

நாற்காலியில் இருந்தவருக்கு எழுபது இருக்கும். சட்டைப் பையில் ஒரு டைரி, இரண்டு பேனா. இந்தக் கல்லூரியின் பஸ்ஸை ஓட்டியவராம். வேலையும் பல்லும் ஒரே வருடத்தில் போய்விட, கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கிவிட்டார். மாணவர்கள் அவரை வி.ஐ.பி. என்று கூப்பிட்டார்கள். கிண்டல் இல்லை, நிஜமான பயபக்தி.

வி.ஐ.பி. வாயைத் திறந்தார். மாவுக்காரர் ஏழு தலைகளுக்கு மேல் எட்டாவது தலையாக எட்டிப் பார்த்தார்.

மேலண்ணத்தில் பட்டாணி.

"வாலு! ஓடி வா! நான் சொன்னேன்ல? தண்ணி!" என்று அவர் போட்ட கூச்சலில் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வருங்கால டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள். "இங்க எல்லாருக்கும் இது இருக்கும், பாரு! ஏம்மா, இருக்கும்தானே?"

இறுதியாண்டு அக்கா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "எல்லாருக்குமா? இல்லையே அங்கிள். இவருக்கு மட்டும்தான்."

மாவுக்காரர் கழுத்தை நீட்டியபடியே நின்றார். அவர் தலைக்குள்ளே அலமாரியின் மூன்றாவது தட்டு திறந்துகொண்டது. நாற்பது அச்சுகளும் வரிசையில் நின்றன. வலது பக்கம் சற்றுத் தேய்ந்த ஈறு, ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் தேய்ந்து. நாக்குக்கு அடியில் அதே மடிப்பு. நடுவில் பட்டாணி. நாற்பதும் மெல்ல நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, கடைசியில் ஒரே வாயாகி அவரைப் பார்த்து வாயைப் பிளந்தன.

உலகத்தில் எந்த வாயை ஒரு தடவை பார்த்தாலும் மறக்க மாட்டேன் என்று சொல்லித் திரிந்தவர். ஒரே வாயை நாற்பது தடவை பார்த்து, நாற்பது பேர் என்று கும்பிட்டிருக்கிறார்.

"சார் யாரு?" என்றார் வி.ஐ.பி. வாயை மூடி.

"உங்க பல்லைச் செஞ்சவன்."

"எந்தப் பல்லை? நாப்பது செட் இருக்கு, பிஸ்கட் டப்பால போட்டு வச்சிருக்கேன். கிழமைக்கு ஒண்ணு போடறேன். பேங்குக்குப் போக ஒண்ணு, சண்டைக்கு ஒண்ணு. செவ்வாக்கிழமை செட்டு கொஞ்சம் விசில் அடிக்கும், அதுவும் உங்களோடதா?"

மாணவர்கள் சிரித்தார்கள். மாவுக்காரர் சிரிக்கவில்லை. "அச்சு அவ்வளவு சுத்தமா வருமே..." என்றார், யாரையும் பார்க்காமல்.

"அது எங்க கைவேலை இல்ல அங்கிள்" என்றாள் அக்கா. "அச்செடுக்க வாயில வைக்கிற மருந்து இறுகறதுக்கு எவ்வளவு நேரம்னு அவருக்குத்தான் தெரியும். நாங்க எடுக்கப் போனா, இன்னும் பொறுன்னு கையைக் காட்டுவார். குமட்ட மாட்டார், இரும மாட்டார். கல்லு மாதிரி உக்காந்திருப்பார். இவருக்காக ரெண்டு பொண்ணுங்க மூணு வருஷமா பேசிக்கறதில்ல. ஒரே ரூம்."

மாவுக்காரர் தோளிலிருந்த கேனை இறக்கி வைத்தார். சுவரோரக் குழாயைத் திறந்து, கையில் பிடித்து, அந்த ஊர்த் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தார்.

*

கேன்டீனில் நாலேகால் மணி. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

போனில் மாமா: "மச்சான், கண்ணாடி காலேஜ்ல பதினோரு சீட்டு இருக்கு. பத்து. ஒன்பது. என்ன செய்யறீங்க அங்க? நம்ம அட்டவணைப்படி அதான் முதல். குளியலறைக்கு ரெண்டே பேரு! நீச்சல் குளம் வேற!"

"மாப்ள, உன் அட்டவணையில பேஷண்ட் எத்தனை பேர்னு கட்டம் இருக்கா?"

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. அடுப்படி வரை போய்த் திரும்பி வருகிற நேரம் ஆயிற்று.

"இல்ல மச்சான்" என்றது ஒரு சின்னக் குரல். "அதுக்குக் கட்டமே போடலையே. படிக்கிற புள்ளைங்களைத்தான் எண்ணினேன்."

"நானும் வாயைத்தாண்டா எண்ணினேன். அதுவும் தப்பு." போனை வைத்தார்.

வாலு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி காலேஜ்ல எப்படிப்பா? அங்க பேஷண்ட் உண்டா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். மாவுக்காரர் தொண்டையைச் செருமினார். செருமியது வீணாயிற்று.

"பொம்மைத் தலை வச்சிருக்காங்க. பிளாஸ்டிக். அச்சையும் அதுலதான் எடுக்கிறாங்க. பேஷண்ட்னு ஒருத்தரும் கிடையாது."

"அப்ப பரீட்சைக்கு?"

"என்கிட்ட அனுப்பிடுவாங்க. முதல் வருஷம் மெழுகுல செதுக்கிற பல்லுலேருந்து, கடைசி வருஷம் செட்டு வரைக்கும்."

"நீங்க செஞ்சு குடுப்பீங்க."

"வர்ற வேலையை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மகளைத் தன்னை மாதிரி அடுத்தவன் எடுத்த அச்சுக்குக் காத்திருக்கிற ஆளாக்காமல், வாயைத் தானே திறந்து பார்க்கிற டாக்டராக்க வேண்டும் என்றுதான் இருபத்தெட்டு வருடம் மாவில் நின்றார். அதே கையால் ஒரு கல்லூரி நிறைய டாக்டர்களைப் பொய்யாகச் செய்து அனுப்பியிருக்கிறார் என்பதை மகளே கேட்டுக் கண்டுபிடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அங்க சேர்ந்தா என் பரீட்சைப் பல்லையும் நீங்கதான் செய்வீங்க" என்றாள் வாலு. குரலில் கோபம் கூட இல்லை. கோபம் இருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

"அம்மாகிட்ட பேசி, இன்னொரு வருஷம்..."

"வேண்டாம்ப்பா. அந்த ரூமுக்குள்ள இனிமே என்னால போக முடியாது."

அப்போது வி.ஐ.பி. டீ வாங்க வந்தார். கையில் ஒரு ரொட்டி. நாற்பது பல்செட்டுக்குச் சொந்தக்காரர் அதை டீயில் நனைத்து ஈறால் மென்றார்.

வாலு எழுந்து அவரிடம் போனாள். "மூணாம் வருஷத்துக்கு உங்களை இப்பவே கேட்டு வைக்கணுமாமே?"

"ஆமா பாப்பா. நெரிசல் அப்படி." வி.ஐ.பி. டைரியை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் கூட அவ்வளவு கம்பீரம் இருக்காது. "வெயிட்டிங் லிஸ்ட்ல நாப்பத்தொண்ணு. உன் பேரைச் சொல்லு."

சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டி எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். "போட்டாச்சு. கை நடுங்கினா பயப்படாதே. இந்த வாய்க்குப் பழக்கம்."

வாலு திரும்பி வந்தாள். போனை எடுத்தாள். மணி நாலு முப்பத்தெட்டு.

"வாலு, யோசிச்சு..."

"பூஜ்யத்தை விட ஒண்ணு பெரிசுப்பா" என்றாள். தோப்புக் கல்லூரியை அமுக்கினாள். 'உறுதி செய்கிறீர்களா, பிறகு மாற்ற இயலாது' என்று கேட்டது. செய்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

சிரித்தாள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. மேல்வரிசையில் நாலு பல், அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு அப்புறம் நாலு பல். மாவுக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்.

*

பஸ் வரும் நேரம். வாலு வாசலில் அந்த இறுதியாண்டு அக்காவிடம், ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாளி, பூட்டு, கொசுவலை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வி.ஐ.பி. மாவுக்காரரின் முழங்கையைத் தொட்டார். "சார், ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போறா. ரொம்பத் தூரம். அங்கேயே இருந்துடச் சொல்றா. கண்ணும் சரியாத் தெரியலை, தனியா இருக்க முடியலை."

மாவுக்காரருக்கு அது காதில் ஏறி மூளைக்குப் போய்ச் சேர, அந்த டப்பா பஸ்ஸே இரண்டு தடவை ஊர் போய்த் திரும்பியிருக்கும். "திரும்பி வருவீங்கல்ல?"

"எங்க சார் வரப் போறேன்."

"அப்ப என் பொண்ணு பேரை ஏன்யா எழுதினீங்க?"

வி.ஐ.பி. பாவமாகப் பார்த்தார். "கேட்டுச்சே. இத்தனை வருஷமா வாயைத் திறந்தே பழகிட்டேன். அதால இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்ல."

பஸ் வந்தது. மாவுக்காரர் ஏறி உட்கார்ந்தார். ஐந்து லிட்டர் கேன் கிளினிக்கிலேயே கிடந்தது. அவருக்கு ஞாபகமும் இல்லை. போனில் மாமா அனுப்பிய செய்தி ஒன்று வந்து விழுந்தது: 'ஐந்து மணி. மூடிட்டாங்க.'

"கிளம்பறப்ப அவர் என்னப்பா சொன்னார்?" என்று வாலு கேட்டாள். நாலு பல்லும் இன்னும் தெரிந்தன.

மாவுக்காரர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாக்கிழமை செட்டு விசில் அடிக்குதுல்ல, அதை ராவி வைக்கச் சொன்னார்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்லையாம்."